திரைக்கு முன் எழும் அச்சம்: அச்சுறுத்தலால் நிறுத்தப்பட்ட படங்களின் வரலாறு

தோற்றுவாய்

தமிழ்த் திரைப்படத்தின் வரலாற்றை நாம் பெரும்பாலும் வெளிவந்த படங்களைக் கொண்டே எழுதி வந்துள்ளோம். எந்த ஆண்டில் எப்படம் வந்தது, எத்தனை நாள் ஓடியது, யார் நடித்தார், யார் இசையமைத்தார் என்னும் செய்திகள் நம் நூல்களில் நிறைந்துள்ளன. குறித்த நாளில் வெளிவராமற்போன படங்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. அது ஆவணங்களில் சிதறியும் மக்கள் நினைவில் மங்கியும் கிடக்கிறது. அதன் ஒரு பகுதியைத் தொகுத்து நோக்குவதே இவ்வுரையின் நோக்கம்.

ஒரு படம் இருவகையால் நிறுத்தப்படலாம். அரசு சட்டத்தின் வழியே தடை விதிப்பது ஒருவகை. வன்முறை நிகழும் என்னும் அச்சுறுத்தலுக்கு அஞ்சித் தயாரிப்பு நிறுவனமோ விநியோகஸ்தரோ அரங்க உரிமையாளரோ தாமே பின்வாங்குவது மற்றொருவகை. இரண்டின் பயனும் ஒன்றாகவே தோன்றும். அரங்கில் படம் இராது. ஆயினும் முடிவெடுத்தவர் யார், அதற்குப் பொறுப்பேற்பவர் யார், அம்முடிவை எதிர்த்து எங்கே முறையிடலாம் என்று வினவும்பொழுது இரண்டிற்கும் இடையேயுள்ள தொலைவு புலனாகும். அத்தொலைவே நம் ஆய்வுப்பொருள்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழ்ப் படம்

இப்பொருள் சென்னைக்கு மட்டும் உரியதன்று. கோலாலம்பூரில் அன்று பத்து சாலை என வழங்கிய இன்றைய ஜாலான் துவாங்கு அப்துல் ரஹ்மானில் 1920களின் தொடக்கத்தில் எழுந்த கொலிசியம் அரங்கு, பிற்காலத்தில் தமிழ்ப் படங்களுக்கென்றே பெயர்பெற்றது. பிரிக்ஃபீல்ட்ஸில் லிடோ அரங்கு இருந்த காலத்தை மூத்தோர் இன்றும் நினைவுகூர்வர். கிள்ளானில் செரி இந்தானும் பெட்டாலிங் ஜெயாவில் ஸ்டேட்டும் தமிழ்ப் பார்வையாளரை ஈர்த்த அரங்குகளாகும். தோட்டங்களிலிருந்தும் இரயில்வே குடியிருப்புகளிலிருந்தும் வந்த மக்கள் மொழியையும் பாடலையும் ஊர்நினைவையும் ஒருசேரப் பெற்ற இடங்கள் இவை.

ஆகவே சென்னையில் ஒரு படம் நின்றால் அதன் அதிர்வு இங்கும் உணரப்படும். அதுமட்டுமன்று, பல இனமும் பல சமயமும் வாழும் இந்நாட்டில் ஒரு படம் எவர் மனத்தைப் புண்படுத்தும் என்னும் கவலைக்கும் தனிக் கனம் உண்டு. 1969ஆம் ஆண்டு மே 13ஆம் நாளை நினைவில் வைத்துள்ள நாட்டில் பொது அமைதி பற்றிய அச்சத்தை வெற்று அச்சமென்று எவரும் ஒதுக்கிவிட இயலாது. இவ்விரு நிலைகளையும் மனத்திற்கொண்டே மேலே செல்வோம்.

சட்டம் விதிக்கும் தடை

அரசுத் தடை என்பது தமிழ்ப் படத்திற்குப் புதியதன்று. கல்கியின் கதையைத் தழுவிக் கே. சுப்ரமணியம் இயக்கிய ‘தியாகபூமி’ 1939இல் வெளிவந்து, பின்னர்ப் பிரிட்டிஷ் ஆட்சியின் தடைக்கு உள்ளாயிற்று. தடை வரப்போகிறது என்றறிந்ததும் சென்னைக் கெயிட்டி அரங்கில் மக்களுக்கு இலவசமாகக் காட்டினர். தடுப்பவர் யார் என்பது அன்று எல்லாருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்தமையால் எதிர்க்கவும் முடிந்தது.

மலாயாவில் 1952ஆம் ஆண்டின் திரைப்படத் தணிக்கைச் சட்டம் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. அதற்கு மாற்றாக 2002ஆம் ஆண்டின் சட்டம் வந்தது. உள்துறை அமைச்சின்கீழ் இயங்கும் தணிக்கை வாரியம் படத்தைப் பார்த்து ஒப்புதல் தரும், வெட்டு கோரும், மறுக்கும். வாரியத்தின் முடிவை ஏற்காதவர் மேல்முறையீட்டுக் குழுவிடம் செல்லலாம். 2017ஆம் ஆண்டு மார்ச்சில் டிஸ்னி நிறுவனத்தின் ‘பியூட்டி அண்ட் த பீஸ்ட்’ படத்தில் ஒரு பகுதியை நீக்குமாறு கோரப்பட்டது. நிறுவனம் நீக்க மறுத்து வெளியீட்டை நிறுத்தி வைத்தது, மேல்முறையீடு செய்தது. அம்மாத இறுதியில் படம் வெட்டின்றியே மலேசிய அரங்குகளில் வெளியாயிற்று. அதற்கு முந்திய ஆண்டில் வந்த ‘கபாலி’யின் மலேசியப் படிவத்தில், நாயகன் காவல்துறையிடம் சரணடைந்தான் என்னும் செய்தி முடிவில் சேர்க்கப்பட்டதையும் நம்முள் பலர் கண்டிருப்போம்.

சட்டத்தின் வழி எப்பொழுதும் மென்மையானதென்று நாம் கூறவில்லை. இலங்கைப் போரின் இறுதி மாதங்களைப் பற்றிக் கேலம் மக்ரே இயக்கிய ‘நோ ஃபயர் ஸோன்’ ஆவணப்படம் 2013ஆம் ஆண்டு ஜூலை 3ஆம் நாள் கோலாலம்பூரில் உள்ள ஒரு மண்டபத்தில் திரையிடப்பட்டது. தணிக்கை பெறாத படத்தைத் திரையிட்டதாக மனித உரிமைச் செயற்பாட்டாளர் லீனா ஹென்ரிமீது வழக்குத் தொடரப்பட்டது. சட்டப்பிரிவு அரசியலமைப்புக்கு முரணானது என்னும் வாதத்தைக் கூட்டரசு நீதிமன்றம் 2015இல் ஏற்கவில்லை. 2016இல் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் அவரை விடுவித்தது. அவ்வாண்டிலேயே உயர்நீதிமன்றம் அம்முடிவை மாற்றியது. 2017இல் அவர் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டு 10,000 ரிங்கிட் அபராதம் விதிக்கப்பட்டார்.

நான்காண்டு நீண்ட இவ்வழக்கின் முடிவை ஒருவர் ஏற்கலாம், மறுக்கலாம். ஆனால் அதன் ஒவ்வொரு படியிலும் நாள் உண்டு, கையொப்பம் உண்டு, காரணம் உண்டு. நாளை ஒரு மாணவர் அவ்வேட்டை எடுத்துப் படித்து நீதிமன்றம் கூறியது சரியா எனச் சீர்தூக்க முடியும். இதனை நினைவில் நிறுத்திக்கொண்டு அச்சுறுத்தலின் வழியை நோக்குவோம்.

1989ஆம் ஆண்டின் தீர்ப்பு

அச்சுறுத்தலுக்கு அரசு பணியலாமா என்னும் வினாவிற்குத் தெளிந்த விடை ஒரு தமிழ்ப் படத்தின் வழக்கிலேயே கிடைத்தது. ‘ஒரே ஒரு கிராமத்திலே’ என்னும் அப்படம் இடஒதுக்கீட்டு முறையைக் குறைகூறும் கதையமைப்பைக் கொண்டது. பிராமணப் பெண்ணொருத்தி வேறு சாதியினளாகத் தன்னைக் காட்டிக்கொண்டு அரசுப் பணியில் உயர்வது அதன் கரு. தணிக்கை வாரியம் சான்று அளித்தது. சமூக நீதி இயக்கம் ஆழ வேரூன்றிய தமிழகத்தில் அப்படத்திற்கு எதிர்ப்பு எழுந்தது இயல்பே. சென்னை உயர்நீதிமன்றம் சான்றை நீக்கியது. தயாரிப்பாளர் எஸ். ரங்கராஜன் இந்திய உச்சநீதிமன்றத்தை அணுகினார்.

படம் திரையிடப்பட்டால் மக்கள் கொதித்தெழுவர், வன்முறை நேரும் என்பது அரசுத் தரப்பின் வாதங்களுள் ஒன்று. 1989ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் நீதிபதி ஜெகந்நாத ஷெட்டி எழுதிய தீர்ப்பு அவ்வாதத்தை மறுத்தது. ஆர்ப்பாட்டமும் ஊர்வலமும் வன்முறையும் நிகழும் என்ற மிரட்டலைக் காரணமாகக் கொண்டு கருத்துரிமையை ஒடுக்கலாகாது. அவ்வாறு செய்வது சட்டத்தின் ஆட்சியைக் கைவிட்டு மிரட்டலுக்கு அடிபணிவதாகும். உரிமையைக் காப்பது அரசின் கடமையாதலால், பகைமை கொண்ட பார்வையாளரைச் சமாளிக்க இயலவில்லை எனக் கூறி அரசு விலகிக்கொள்ள முடியாது என்பது அத்தீர்ப்பின் சாரம். படத்தின் கருத்து சரியா தவறா என்பதைத் தீர்ப்பு தன் அடிப்படையாகக் கொள்ளவில்லை. வெடிமருந்துப் பீப்பாயில் விழும் பொறி போல, கருத்துக்கும் கேட்டுக்கும் இடையே நெருங்கிய தொடர்பு இருந்தாலன்றித் தடை கூடாது என்றது.

அத்தீர்ப்பு வந்து முப்பத்தைந்து ஆண்டுகள் கடந்துவிட்டன. சட்டக் கல்லூரிகளில் அது பாடமாக உள்ளது. அரங்க வாயிலில் அது எவ்வளவு தூரம் செல்லுபடியாயிற்று என்பதை 2013ஆம் ஆண்டு காட்டிற்று.

2013: ஓராண்டில் மூன்று படங்கள்

கமல்ஹாசன் எழுதி இயக்கித் தயாரித்த ‘விஸ்வரூபம்’ 2013 ஜனவரி 25ஆம் நாள் வெளியாகவிருந்தது. தம் சமூகத்தைப் பயங்கரவாதத்தோடு இணைத்துக் காட்டுகிறது என முஸ்லிம் அமைப்புகள் மனக்குறை தெரிவித்தன. தணிக்கைச் சான்று பெற்றிருந்த அப்படத்தைச் சட்டம் ஒழுங்கைக் காரணங்காட்டி, குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 144ஆம் பிரிவின்கீழ் இரு வாரங்களுக்குத் தமிழக மாவட்ட நிர்வாகங்கள் நிறுத்திவைத்தன. ஜனவரி 29ஆம் நாள் உயர்நீதிமன்றத் தனி நீதிபதி தடையை நிறுத்திவைத்தார். மறுநாளே இருநீதிபதி அமர்வு அவ்வாணையை விலக்கியது.

அரசின் நிலையை விளக்கிய முதலமைச்சர் ஜெயலலிதா, படம் 524 அரங்குகளில் வெளியாகவிருந்தது என்றும், அத்தனைக்கும் காவல் அளிக்க 56,000க்கும் மேற்பட்ட காவலர் வேண்டும் என்றும், அது இயலாது என்றும் கூறினார். இக்கணக்கை 1989ஆம் ஆண்டின் தீர்ப்போடு அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். சமாளிக்க இயலவில்லை என்பது காரணமாகாது என உச்சநீதிமன்றம் கூறியிருந்தது. இருபத்து நான்கு ஆண்டுகளுக்குப் பின் அதே காரணம் எண்ணிக்கையோடு முன்வைக்கப்பட்டது. இறுதியில் வழக்கை முடித்தது நீதிமன்றமன்று. அரசு அதிகாரிகள் முன்னிலையில் இயக்குநரும் அமைப்புகளும் பேசி, சில இடங்களை நீக்கவும் ஒலியடக்கவும் உடன்பட்டனர். பிப்ரவரி 7ஆம் நாள் படம் தமிழகத்தில் வெளியாயிற்று.

தைப்பூசத்தை ஒட்டிய அதே வாரத்தில் மலேசியாவிலும் அப்படம் தடைப்பட்டது. இங்குத் தணிக்கை வாரியத்தின் ஒப்புதலோடு திரையீடு தொடங்கியிருந்தது. முஸ்லிம் அமைப்புகளின் முறையீட்டைத் தொடர்ந்து சில நாள்களுக்குள்ளேயே நிறுத்தப்பட்டது. ஒப்புதல் அளித்த வாரியத்தின் தீர்மானம் அதற்குப் பின் எழுந்த முறையீட்டினால் தள்ளிவைக்கப்படக்கூடும் என்பதை அந்நிகழ்வு உணர்த்தியது. சான்றிதழ் என்பது இறுதிச் சொல் என எண்ணியிருந்த விநியோகஸ்தர்க்கு அது புதிய பாடம்.

அவ்வாண்டு ஆகஸ்டில் விஜய் நடித்த ‘தலைவா’ வேறொரு வழியில் நின்றது. அரங்குகளுக்கு வெடிகுண்டு மிரட்டல் வந்ததாகக் கூறப்பட்டது. தமிழக அரங்க உரிமையாளர் பின்வாங்கினர். ஆகஸ்ட் 9ஆம் நாள் வெளிநாடுகளிலும் அண்டை மாநிலங்களிலும் வெளியான படம் தமிழகத்தில் 20ஆம் நாளே திரையேறியது. இடைப்பட்ட நாள்களில் எல்லை கடந்து கேரள அரங்குகளுக்குச் சென்று பார்த்தவர் உண்டு. இங்கே அரசுத் தடையாணை ஏதுமில்லை. நீதிமன்றத்தில் எதிர்த்து வாதிட ஓர் ஆணையே இல்லாத நிலை அது.

அதே மாதம் 23ஆம் நாள் வெளிவந்த ‘மெட்ராஸ் கஃபே’ என்னும் இந்திப் படம், ஈழப் போராட்டத்தைத் திரித்துக் காட்டுகிறது எனத் தமிழ் அமைப்புகள் எதிர்த்தமையால் தமிழக அரங்குகளை எட்டவில்லை. இலண்டனிலும் தமிழரின் எதிர்ப்பை அடுத்துச் சில அரங்குகள் அதனைக் கைவிட்டன.

மூன்றையும் ஒப்பிட்டால் ஒரு படிநிலை தெரியும். முதற்படத்தில் அரசாணை இருந்தது. எனவே வழக்கும் இருந்தது. இரண்டாவதில் அரங்க உரிமையாளரின் அச்சம் மட்டுமே இருந்தது. மூன்றாவதில் அரங்குகள் முன்கூட்டியே ஒதுங்கிக்கொண்டன. படிப்படியாக முடிவெடுப்பவரின் பெயர் மறைந்துகொண்டே வந்தது.

சோனி நிறுவனமும் ‘த இன்டர்வியூ’வும்

இதே வரிசை உலகின் பெரிய தயாரிப்பு நிறுவனம் ஒன்றிலும் நிகழ்ந்தது. வடகொரியத் தலைவரைக் கொல்லும் சதியை நகைச்சுவையாக்கிய ‘த இன்டர்வியூ’ என்னும் படத்தைச் சோனி பிக்சர்ஸ் 2014 டிசம்பர் 25ஆம் நாள் வெளியிடவிருந்தது. நவம்பர் 24ஆம் நாள் அந்நிறுவனத்தின் கணினிகள் ஊடுருவப்பட்டது தெரியவந்தது. ஊழியரின் தனிச் செய்திகளும் மின்னஞ்சல்களும் வெளியிடப்பட்டன. டிசம்பர் 16ஆம் நாள், 2001 செப்டம்பர் 11ஆம் நாளை நினைவூட்டி, படம் காட்டும் அரங்குகளுக்கு மிரட்டல் வந்தது.

அதன்பின் நிகழ்ந்தவற்றின் வரிசை முக்கியமானது. முதலில் சோனி, காட்டுவதும் காட்டாததும் அரங்குகளின் விருப்பம் என்றது. பெரிய அரங்குத் தொடர்கள் ஒவ்வொன்றாக விலகின. டிசம்பர் 17ஆம் நாள், அரங்குகளே விலகிய நிலையில் வெளியீட்டைக் கைவிடுவதாக நிறுவனம் அறிவித்தது. நிறுவனம் அரங்குகளைச் சுட்டிற்று. அரங்குகள் பார்வையாளரின் பாதுகாப்பைச் சுட்டின. இரு நாள் கழித்து அதிபர் ஒபாமா, நிறுவனம் தவறிழைத்தது என வெளிப்படையாகக் கூறினார். டிசம்பர் 23ஆம் நாள் நிறுவனம் மனம் மாறியது. மறுநாள் இணையத்திலும், 25ஆம் நாள் முந்நூறுக்கும் மேற்பட்ட சிறு தனியார் அரங்குகளிலும் படம் வெளியாயிற்று. பெருந்தொடர்கள் விலகிய இடத்தில் சிறு அரங்குகள் துணிந்தன என்பது எண்ணத்தக்கது. சிறு அரங்கின் உரிமையாளர் தம் ஊர் மக்களை அறிவார். தம் முடிவுக்குத் தாமே பொறுப்பு என்பதையும் அறிவார்.

அண்மைக் காலம்

அரங்குகளின் இடத்தை இன்று இணையத் தளங்கள் பெருமளவு பிடித்துள்ளன. அச்சுறுத்தலின் வழியும் அதற்கேற்ப மாறியுள்ளது. மலேசியாவில் கைரி அன்வார் இயக்கிய ‘மென்தேகா தெர்பாங்’ என்னும் சிறு படம், மரணத்தை நெருங்கும் தாயைக் கொண்ட ஒரு முஸ்லிம் சிறுமி, மறுமை பற்றிப் பிற சமயங்கள் கூறுவதை அறிய முனையும் கதை. 2023ஆம் ஆண்டின் தொடக்கத்தில் எழுந்த கண்டனத்தையடுத்து அது இணையத் தளத்திலிருந்து அகற்றப்பட்டது. அகற்றியபின்னும் அச்சுறுத்தல் ஓயவில்லை. அவ்வாண்டு மார்ச்சில் இயக்குநரின் வாகனமும், அப்படத்தில் பங்காற்றிய மற்றொருவரின் வாகனமும் தாக்கப்பட்டன. ஆகஸ்டில் அரசு படத்தைத் தடை செய்தது. 2024 ஜனவரியில் இயக்குநரும் தயாரிப்பாளரும் சமய உணர்வைப் புண்படுத்தியதாகக் குற்றஞ்சாட்டப்பட்டனர். இருவரும் குற்றத்தை மறுத்தனர்.

அதே ஜனவரியில் இந்தியாவில் ‘அன்னபூரணி’ நின்றது. நயன்தாரா நடித்த இத்தமிழ்ப் படம் தணிக்கைச் சான்றுடன் 2023 டிசம்பர் 1ஆம் நாள் அரங்குகளில் வெளிவந்து, எவ்விடையூறுமின்றி ஓடிற்று. மாத இறுதியில் நெட்ஃபிளிக்ஸ் தளத்தில் வந்தபின் இந்து அமைப்புகள் எதிர்த்தன. காவல்துறையில் புகாரும் அளிக்கப்பட்டது. இணைத் தயாரிப்பாளரான ஸீ ஸ்டுடியோஸ் வருத்தம் தெரிவித்துக் கடிதம் எழுதியது. படம் தளத்திலிருந்து நீக்கப்பட்டது. நீதிமன்றம் எதுவும் கூறுமுன்னரே எல்லாம் முடிந்தது.

இம்மூன்றையும் எண்ணுக: ‘விஸ்வரூப’த்தை எதிர்த்தவர் முஸ்லிம் அமைப்பினர், ‘மெட்ராஸ் கஃபே’யை எதிர்த்தவர் தமிழுணர்வாளர், ‘அன்னபூரணி’யை எதிர்த்தவர் இந்து அமைப்பினர். எதிர்த்தவர் மாறினர், படத்தை நிறுத்தும் முறை மாறவில்லை. ஆதலால் இச்சிக்கலை ஏதேனும் ஒரு சமூகத்தின் இயல்பாகக் கொள்வது வரலாற்றுக்குப் பொருந்தாது.

எதிர்ப்பும் அச்சுறுத்தலும்

இவ்விடத்தில் நம்மை நோக்கி ஒரு வினா எழும். மலேசிய இந்தியர் ஒரு நூலை எதிர்த்ததில்லையா? எதிர்த்துள்ளோம். 1971இல் வெளிவந்த அப்துல்லா ஹுசேனின் ‘இன்டர்லோக்’ புதினம் 2011ஆம் ஆண்டு ஐந்தாம் படிவத்து இலக்கியப் பாடநூலாக வைக்கப்பட்டது. அதில் இந்தியரைக் குறித்த சொற்களும் சாதி பற்றிய செய்திகளும் இழிவு சேர்ப்பவை என நம் சமூகம் குரலெழுப்பியது. அவ்வாண்டு இறுதியில் நூலை மீட்டுக்கொள்ள அரசு முடிவு செய்தது.

இந்நிகழ்வைத் திரைப்படத் தடைகளோடு ஒன்றாக வைக்கலாமா? ஒரு வேறுபாடு தெளிவானது. பாடநூலை மாணவர் விரும்பித் தேர்ந்தெடுப்பதில்லை. தேர்வுக்காகப் படித்தே ஆகவேண்டும். தம்மை இழிவுசெய்யும் சொல்லைத் தம் வகுப்பறையிலேயே பதினேழு வயதுப் பிள்ளை கேட்க வேண்டிய நிலையை எதிர்ப்பதற்கும், பிறர் விரும்பிச் சீட்டு வாங்கிப் பார்க்கும் படத்தை எவருமே பார்க்கக்கூடாது எனத் தடுப்பதற்கும் தொலைவு உண்டு. ஆயினும் அப்புதினத்தை நூலகத்திலிருந்தும் கடையிலிருந்தும் அகற்றுக என ஒருவர் கோரியிருந்தால், நாம் மேலே கண்ட நெறியையே அவரிடமும் கூறியாக வேண்டும். பிறருக்கு ஒரு நெறியும் நமக்கு ஒரு நெறியும் இருத்தல் முறையன்று.

எதிர்ப்பது உரிமை. புண்பட்டவர் எழுதலாம், மேடையில் மறுக்கலாம், பதாகை ஏந்தலாம், படத்தைப் பார்க்க வேண்டா எனத் தம் மக்களைக் கேட்கலாம், வாரியத்திடம் முறையிடலாம், வழக்குத் தொடுக்கலாம். அச்சுறுத்தல் இவற்றின் தொடர்ச்சி போலத் தோன்றினும் இவற்றையெல்லாம் அழிப்பது அதுவே. மறுப்புரைக்கு மறுமொழி கூறலாம். வெடிகுண்டு மிரட்டலுக்கு என்ன மறுமொழி கூற இயலும்? உண்மையான மனக்குறை உடையவரின் குரலும் அம்மிரட்டலின் இரைச்சலில் அமிழ்ந்துபோகிறது.

நிறைவுரை

இதுகாறும் கண்டவற்றிலிருந்து நாம் பெறும் முடிவு இது. அச்சுறுத்தல் ஒரு சங்கிலியின் வழியே இயங்குகிறது. மிரட்டுபவர் அரங்கத்தாரை அஞ்சச் செய்கிறார். அரங்கத்தார் விநியோகஸ்தரிடம் கைவிரிக்கிறார். விநியோகஸ்தர் நிறுவனத்தைக் கைகாட்டுகிறார். நிறுவனம் மன்னிப்புக் கேட்கிறது. அரசு, தான் தடை விதிக்கவில்லையே என்கிறது. ஒவ்வொருவர் கூறுவதிலும் ஓரளவு நியாயம் உண்டு. தம் ஊழியரும் பார்வையாளரும் உயிரோடு வீடு திரும்ப வேண்டும் என எண்ணும் அரங்க உரிமையாளரைக் கோழையெனப் பழிப்பது எளிது. பழிப்பவர் அவ்வாயிலில் நிற்கப்போவதில்லை. ஆகவேதான் 1989ஆம் ஆண்டின் தீர்ப்பு பாரத்தை அரங்கத்தாரின் தோளிலும் கலைஞரின் தோளிலும் ஏற்றாமல் அரசின் தோளில் ஏற்றியது. காவல் தரும் வலிமை அரசு ஒன்றிடமே உள்ளது. அது விலகினால் சங்கிலியின் எஞ்சிய கண்ணிகள் தாமே அறும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு படமோ நூலோ நிறுத்தப்பட்ட செய்தி வரும்பொழுது, அது நல்ல படமா தீய படமா என்னும் விவாதத்தோடு வகுப்பை முடித்துவிட வேண்டா. யார் நிறுத்தினார்? எந்த அதிகாரத்தால் நிறுத்தினார்? காரணத்தை எழுத்தில் தந்தாரா? அதனை எதிர்த்து எங்கே செல்லலாம்? இந்நான்கு வினாக்களையும் மாணவரிடம் எழுப்புக. நான்கிற்கும் விடை கிடைத்தால், அத்தடையை ஏற்பதா மறுப்பதா என மாணவர் தாமே சீர்தூக்குவர். ஒன்றிற்கும் விடை கிடைக்காவிடில், அங்கே சட்டம் தன் இடத்தை அச்சத்திற்கு விட்டுக்கொடுத்துள்ளது என்பதை அவர்கள் தாமே உணர்வர்.